தண்ணீருக்குப் பங்கு உண்டு, தரத்துக்கு இல்லை: வைகைக் கடைமடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வைகை அணையில் இருந்து பூர்வீகப் பாசனத்துக்கு, அதாவது அணை கட்டும் முன்பே ஆற்றை நம்பியிருந்த நிலங்களுக்கு, திறக்கும் தண்ணீரை ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை ஆகிய மூன்று மாவட்டங்களும் 7:3:2 என்ற கணக்கில் பிரித்துக்கொள்கின்றன. கடைசியில் இருக்கும் ராமநாதபுரத்துக்குத்தான் பெரிய பங்கு. மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் என்று விட்டுவிடாமல், கடைமடைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த நல்ல ஏற்பாடு இது. ஏழு பங்கு வந்து சேர்ந்ததா, பார்த்திபனூர் மதகணையைத் தாண்டியதா, பெரிய கண்மாயில் எத்தனை அடி நிற்கிறது என்று விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேட்க முடிகிறது. அதிகாரிகளும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வந்த தண்ணீர் என்ன நிலையில் வந்தது என்று கேட்டால் மட்டும் யாரிடமும் கணக்கு இல்லை. அளவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, தரத்துக்கு இல்லை. வைகை வடிநிலத்துக்கு, அதாவது அந்த ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்புக்கு, நீர்த்தரத் திட்டம் என்று ஒன்று போட்டால் அதைக் கடைமடையில் இருந்து மேல்நோக்கி எழுத வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வில் நான் வைக்கும் வாதம். ஏன் அப்படி என்பதை ராமநாதபுரம் கரையை வைத்தே பார்க்கலாம்.

ஆறு முடியும் இடம்

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை வழியாகச் சுமார் 258 கி.மீ. ஓடிவரும் வைகை, நேராகக் கடலில் போய் விழுவதில்லை. பரமக்குடியைத் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கண்மாய் பெருகி உபரி வெளியேறினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில், அதாவது இந்தப் பக்கத்து மீனவர்கள் வடகடல் என்று சொல்லும் கடலில் கலக்கும். முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகள், ஒரு காலத்தில் ரோமானிய வணிகம் வரை தொட்ட துறைமுகம் அங்கே இருந்ததைக் காட்டின. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்த வாய்க்கு இப்போது நல்ல தண்ணீர் எட்டுவதே இல்லை.

தெற்கே குண்டாறு கமுதி வழியாக வந்து மூக்கையூரில் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. வடக்கே கோட்டைக்கரையாறு இருக்கிறது. அதன் முகத்துவாரப் பக்கம்தான் காரங்காட்டு அலையாத்திக் காடு. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கி.மீ. ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ.க்குச் சற்று மேல் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்குக் கண்மாயும் குடிநீருக்கான ஊருணியும் மணலுக்குள் நிற்கும் ஊற்றும்தான்.

அரசு ஆவணங்களில் வைகை தனி வடிநிலம், குண்டாறு தனி வடிநிலம். காகிதத்தில் போட்ட அந்தக் கோட்டைக் கழிவுநீர் மதிப்பதில்லை. கிருதுமால் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் தொடங்கி, நகரத்துக்குள் நுழைந்து சாக்கடையாகி, அப்புறம் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களைத் தொட்டுக் குண்டாற்றில் சேர்கிறது. அபிராமம் பக்கத்து விவசாயிகள் கிருதுமாலில் தண்ணீர் விடச் சொல்லி மனுக் கொடுப்பார்கள். வைகைத் தண்ணீரை அதில் திறந்துவிட்டால் மதுரையின் கழிவும் கூடவே வரும். வைகைப் பக்கம் உருவான அழுக்கு குண்டாற்றுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வடிநிலத்தை அலகாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்று 1987 முதல் வந்த தேசிய நீர்க் கொள்கைகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வைகை, குண்டாறு, கோட்டைக்கரையாறு மூன்றையும் சேர்த்து ஒரே திட்டமாக எழுதினால்தான் இந்தக் கரைக்கு அந்தப் பேச்சால் பயன்.

மேலே இருந்து வருவது

மதுரை மாநகரின் கழிவுநீரைச் சுத்திகரிக்க அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போய்ச் சேராத கழிவு பந்தல்குடி போன்ற வாய்க்கால்கள் வழியாக ஆற்றில் இறங்குகிறது. மதுரைக்குக் கீழே திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று கரையோர ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த ஊரின் உண்மைப் புள்ளிவிவரமும் இல்லை இது, கணக்கு ஓடும் விதத்தைக் காட்டத்தான். ஒரு வாய்க்கால் நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரை ஆற்றில் விடுகிறது. அதன் பி.ஓ.டி., அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தின்றுவிடும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 கிலோ சுமை. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் இந்த அளவு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நீர்த்துப்போக வைத்தே அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் துளியும் அழுக்கில்லாத தண்ணீர் நொடிக்குச் சுமார் 268 கன அடி ஓடியாக வேண்டும். சுத்திகரித்து 20 மில்லிகிராமாகக் குறைத்து விட்டாலும் சுமார் 23 கன அடி வேண்டும்.

வைகையில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அந்த 23 கன அடி கிடையாது. மணல்தான் கிடக்கிறது. ஆகவே எப்போதும் ஓடும் ஆற்றை மனதில் வைத்து எழுதிய அளவுகோல், வறண்ட ஆற்றுக்குப் பொருந்தாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் நிலையம் கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடுவது தவறு. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை சுத்திகரித்த நீரை ஆற்றுக்குள் விடாமல், உப்பின் அளவைப் பார்த்துவிட்டுத் தீவனப் புல்லுக்கும் மரப்பயிருக்கும் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஆற்றோட்டத்தின் அளவைப் பொறுத்து விடலாம். பருவத்துக்கு ஒரு வரம்பு, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் முதல் தண்ணீர். மாதக்கணக்கில் மதுரைக்குள் ஆற்றுப் படுகையில் தேங்கிய கழிவு, குப்பை, ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் அணையில் இருந்து வரும் தண்ணீரின் முன்பகுதி அள்ளிக்கொண்டு வரும். ராமநாதபுரத்துக்கு ஆசை ஆசையாகக் காத்திருந்து வருவது அந்த நுரையும் கறுப்பும்தான். அதுதான் கால்வாய்களில் முதலில் ஏறும், கண்மாய்களில் முதலில் சேரும், ஊருணி வரத்துக்காலைத் திறந்துவைத்திருந்தால் குடிக்கும் தண்ணீரிலும் இறங்கும். கண்மாயில் தங்கிய சத்துக்கள் வெயில் ஏற ஏறப் பாசியாகத் திரள்கின்றன. பெருமழையில் அதே தண்ணீர், கண்மாயின் உபரி வழியும் கலுங்கு வழியாகக் கடலுக்கும் போகிறது.

வெள்ளத்துக்கு நம்மிடம் நல்ல எச்சரிக்கை முறை இருக்கிறது. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கரையோர மக்களுக்குத் தகவல் போய்விடும். 1959-ல் திறந்த அணை. இத்தனை ஆண்டுகளில் அந்த முறை கரையோர ஊர்களில் எல்லோருக்கும் பழகிய ஒன்றாகிவிட்டது. தரத்துக்கும் இதேபோல எச்சரிக்கை கொடுக்கலாம். பாசனத்துக்குத் திறக்கும்போது மதுரைக்குக் கீழே முதல் நாள் தண்ணீரை அளந்து, “இன்னும் இத்தனை நாளுக்கு ஊருணி மடையைத் திறக்காதீர்கள்” என்று பார்த்திபனூருக்குக் கீழே உள்ள ஊராட்சிகளுக்குச் செய்தி அனுப்பினால் போதும். பெரிய செலவு இல்லாத வேலை. நீர்வளத் துறையின் மதகுப் பணியாளரும் ஊராட்சிச் செயலரும் கைபேசியில் பேசிக்கொண்டாலே நடக்கும்.

உப்பு

மதுரையில் நீர்த்தரம் என்றால் சாக்கடை. ராமநாதபுரத்தில் அது முதலில் உப்பு. இந்த வேறுபாட்டைப் பார்க்காத திட்டம் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இங்கே உதவாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடல்நீரில் சுமார் 35,000. நூறு குடத்தில் ஆறு குடம் கடல்நீராக இருந்தால் போதும், பொறுத்துக்கொள்ளும் எல்லையும் தாண்டிவிடும். காய்ச்சினாலோ குளோரின் போட்டாலோ உப்புப் போகாது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் பொத்தாம்பொதுவாக “கடல் உள்ளே வந்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறோம். குறைந்தது நான்கு வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது, கரையோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் குறையும்போது கடல்நீர் உள்ளே நகர்வது. நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசானது, அதன் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மோட்டார் போட்டு மேலே அரை மீட்டர் இறக்கினால் கீழே இருந்து 20 மீட்டர் உப்புத்தண்ணீர் ஏறி வரும். மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் மணல்மேடுகளுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் இந்த வகை. மணலில் பள்ளம் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைக்கும் பெண்கள் எடுப்பது மேல்தட்டு நீரை மட்டும், அதுவும் ஊற ஊற. பத்துக் குதிரைத்திறன் மோட்டாருக்கு அந்த நிதானம் கிடையாது.

இரண்டாவது, பழங்காலத்தில் கடல் இருந்த இடத்தில் படிந்த களிமண். கரையில் இருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலும் ஆழ்துளைக் கிணறு உப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கே தடுப்பணை கட்டிக் கடலை நிறுத்துகிறோம் என்பது வீண் செலவு. ஆழமாகத் தோண்டுவதை விட்டு, கண்மாய் உள்வாயில் மேலாகக் கிணறு எடுப்பதுதான் வழி. மூன்றாவது, ஆவியாதல். கண்மாய் மண்மேடிட்டு, அகலமாகவும் ஆழம் இல்லாமலும் ஆகிவிட்டால் தண்ணீர் வற்ற வற்ற உப்பு அடர்த்தியாகும். நான்காவது நாமே உருவாக்குவது. கரையோர இறால் பண்ணைகளில் தேக்கும் உவர்நீர் கசிந்து பக்கத்துக் கிணற்றுக்குப் போவது, தண்ணீரில் உப்பை நீக்கும் சிறிய ஆர்.ஓ. நிலையங்களின் கழிவு உப்புநீர் பின்பக்கப் பள்ளத்தில் ஊற்றப்பட்டு மறுபடி நிலத்துக்குள் இறங்குவது போன்றவை. நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தபோது அது இந்த மாவட்டத்துக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது. உப்பை நீக்கினால் அது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்ற கேள்வி பெரிய நிலையத்துக்கும் ஊர்க்கோடி நிலையத்துக்கும் ஒன்றுதான்.

நான்கையும் பிரித்தறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறனை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று, ஊருக்குச் சில கிணறுகள், மாதம் ஒரு முறை குறிப்பு. கோடையில் மோட்டார் ஓடும்போது மட்டும் எகிறி மழைக்குப் பின் இறங்கினால் அது கடல் நுழைவாக இருக்கலாம். ஆழத்தில் எப்போதும் உப்பாகவும் மேலே மழைக்குப் பின் இனிப்பாகவும் இருந்தால் படிவுக் களிமண். பண்ணை வந்த பிறகு படிப்படியாக ஏறியிருந்தால் காரணத்தைப் பக்கத்திலேயே தேடலாம். இப்படி முதல் சல்லடை போட்டுவிட்டு, சந்தேகம் தீராத இடங்களுக்கு மட்டும் ஆய்வகத்தை நாடலாம்.

நிலத்தடி நீர் மதிப்பீட்டில் இந்த மாவட்டத்தின் பல பிர்க்காக்களை, அதாவது வருவாய்க் குறுவட்டங்களை, ‘உவர்’ என்று தனி வகையில் போட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அதிகம் உறிஞ்சப்பட்டதா, பாதுகாப்பானதா என்று அங்கே கணக்குப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. உவர் என்று முத்திரை விழுந்த பிர்க்காவுக்குள்ளும் நல்ல தண்ணீர் ஊருணி இருக்கிறது, மணல்மேடு இருக்கிறது. முத்திரை விழுந்ததும் அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போகிறது.

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மக்களுக்குப் பெரும் உதவி. திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுத்த தண்ணீர் இத்தனை தூரம் குழாயில் வருகிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்த பெண்களின் கால்வலி தெரிந்தவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் குழாய் வந்த ஊர்களில் ஊருணியைக் காப்பதில் இருந்த கண்டிப்பு தளர்ந்துபோனது. கால் நனைக்கக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊருணிக் கரைகளில் இன்று சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக்கும். குழாயில் ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை என்றால் மாற்று கிடையாது. நீர்த்தரத் திட்டத்தில் ஊருணிகளைக் குடிநீர் ஆதாரம் என்ற தகுதியோடு சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடல் பக்கம்

2019 செப்டம்பரில் பாம்பனை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதுதான் காரணம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளிலும் சேதம் ஏற்பட்டது. 2008-லும் இந்தக் கடலில் இப்படிப் பெருக்கம் நேர்ந்திருக்கிறது. காற்று, நீரோட்டம், வெப்பம் எல்லாம் இதில் சேரும். நிலத்தில் இருந்து போகும் கழிவுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையில் இருப்பது நிலம்தான். நீரோட்டத்தை நாம் மாற்ற முடியாது, கலுங்கு வழியாகப் போகும் சத்தைக் குறைக்க முடியும்.

21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 1989-ல் இந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. வடகடலில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல் படுகைகள். கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், கலங்கல் கூடினால் சாகும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதில் வனத்துறைக்குச் சொல் இல்லை, வாசலுக்கு உள்ளே வந்த பிறகுதான் அவர்கள் பொறுப்பு.

இறால் பண்ணை விவகாரத்தில் மட்டும் சட்டம் முன்னதாகவே நுழைந்தது. கிராம சுயராஜ்ய இயக்கத்தைச் சேர்ந்த எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பதிவு கட்டாயமானது. இதில் பண்ணையை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி தருகிறார்கள். ஒரே ஓடையில் எத்தனை பண்ணைகள் கழிவுநீரை விடுகின்றன, அந்த ஓடை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை யாரும் போடுவதில்லை. ஓடைக்கு ஒரு சுமை வரம்பு என்று வைத்துவிட்டால் பண்ணை நடத்துபவர்களுக்கும் அது நல்லது. ஒருவர் வெளியேற்றும் நோயுள்ள நீரை அடுத்தவர் உறிஞ்சிக்கொள்ளும் அவலமும் குறையும்.

யார் உட்கார்ந்து பேசுவது

2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி என்று ஆறு. வைகை அதில் இல்லை. மதுரையில் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்த யாருக்கும் இது வியப்பாக இருக்கும். பட்டியல் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பி.ஓ.டி. காட்டிய கண்காணிப்பு நிலையங்களை வைத்துப் போடப்பட்டது. காவிரி, தாமிரபரணியோடு ஒப்பிட்டால் வைகையில் கண்காணிக்கும் இடங்கள் மிகச் சில. தண்ணீரே இல்லாத மாதத்தில் எடுக்க மாதிரியும் இல்லை. அளக்காத ஆறு பட்டியலில் வராது, பட்டியலில் வராத ஆற்றுக்குச் செயல்திட்டம் கேட்க ஆளில்லை.

பொறுப்போ பலரிடம் சிதறிக் கிடக்கிறது. ஆறும் பெரிய கண்மாயும் நீர்வளத் துறையிடம், சிறு கண்மாயும் ஊருணியும் ஊராட்சியிடம், குழாய்த் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்திடம், கழிவு நகராட்சியிடம், அதைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், முகத்துவாரத்துக்கு வெளியே மீன்வளத் துறையும் வனத்துறையும். இவர்களில் ஒருவர் எடுத்த அளவீடு இன்னொருவர் மேசைக்குப் போவதற்கு விதி இல்லை.

மக்கள் பக்கமும் குறை இருக்கிறது. 2000-ல் வந்த விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் இருப்பவர்தான் அதில் உறுப்பினர். ஆற்றங்கரை முகத்துவாரத்தில் வலை போடுபவருக்கும், ஊருணியில் தண்ணீர் எடுக்கும் பெண்ணுக்கும், தென்கடல் எனும் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆறு கடைசியாகத் தொடுவது இவர்களைத்தான்.

இவர்களைச் சேர்த்தால் பேச்சு இழுபடும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் உண்டு. இந்தக் கரையின் அனுபவம் அதற்கு நேர்மாறு. 2000-ல் அமைந்த மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, ராமநாதபுரத்தில் இருந்தபடியே பல துறைகளையும் கடலோரக் கிராமக் குழுக்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாட்கள் மட்டும் கடலில் இறங்குவது என்று தாங்களே கூடி முடிவெடுத்தார்கள். வருமானத்தைக் குறைத்துக்கொண்டு வளத்தைக் காக்க முன்வந்தவர்களுக்கு நீர்த்தரக் கூட்டத்தில் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

திட்டத்தின் உடம்பு

முதலில் அளவிடங்கள். மதுரைக்குக் கீழே ஒன்று, பார்த்திபனூர் மதகணை, பரமக்குடிக்குக் கீழே, பெரிய கண்மாய் வரத்து, அதன் கலுங்கு, ஆற்றங்கரை முகத்துவாரம். குண்டாற்றில் கமுதியும் மூக்கையூரும். கிருதுமால் குண்டாற்றில் சேரும் இடத்தை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் இல்லாத நாளில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், வெற்றிடமாக விடக்கூடாது. அந்த ‘இல்லை’யும் ஒரு அளவீடுதான், சுத்திகரித்த நீரை ஆற்றில் விடலாமா என்பதை முடிவு செய்வது அதுதான்.

அடுத்தது ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தண்ணீர் எதற்கு என்று ஊரே முடிவு செய்வது. மத்திய வாரியத்தின் வகைப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பாசனம் என்றால் மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு 2,250 மைக்ரோசீமென்ஸுக்குள், மீன் வாழ வேண்டும் என்றால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், சுத்திகரித்துக் குடிக்க என்றால் பி.ஓ.டி. 3-க்குள். கடலோர நீருக்குத் தனி வகைகள் உண்டு. அதில் உப்பளமும் சிப்பி எடுப்பதும் உணர்திறன் மிக்க சூழல் பகுதியும் முதல் வகையில் வருகின்றன. முகத்துவாரத்துக்கு முதல் வகையைக் கேட்டால், கலுங்கில் என்ன இருக்க வேண்டும், அதற்குப் பார்த்திபனூரில் என்ன இருக்க வேண்டும், அதற்கு மதுரைக்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்று கணக்கு மேல்நோக்கிப் போகும். மேலே இருந்து தொடங்கும் திட்டத்தில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே நிலையம் எத்தனை, குழாய் எத்தனை கி.மீ. என்பதோடு நின்றுவிடும்.

மூன்றாவது கணக்கைப் பொதுவில் வைப்பது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. அவர்கள் குழாய் நீரோடு ஊருணியையும் இரண்டு கிணறுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. கண்மாய் வற்றத் தொடங்கும் நேரம் அது, மழைக்கால அளவீடுகள் கையில் இருக்கும். ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு அன்றைக்குப் பேசலாம். எண்களை மட்டும் ஒட்டினால் போதாது, குடிக்கலாம், குளிக்கலாம், வயலுக்கு மட்டும் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதை யார் கூட்டுவது என்பதில் ஊர்களில் இரண்டு கருத்து இருக்கிறது. மாவட்ட ஆட்சியரே போதும் என்பார்கள் சிலர். ராமநாதபுரம் ஆட்சியர் மதுரை மாநகராட்சியைக் கேள்வி கேட்க முடியாது என்பதால் அது நடக்காது என்று நான் நினைக்கிறேன். 7:3:2 பங்கீட்டைப் பின்பற்றும் மூன்று மாவட்டங்களோடு குண்டாற்றுக்காக விருதுநகரையும் சேர்த்து, நீர்வளத் துறை தலைமையில் வடிநிலக் குழு ஒன்று வேண்டும். வைகை முழுக்கத் தமிழ்நாட்டுக்குள் ஓடும் ஆறு. பெரியாற்றில் இருந்து வரும் தண்ணீரின் அளவில் கேரளத்தோடு பேச்சு இருக்கிறதே தவிர, கீழே அதை அழுக்காக்குவதில் இன்னொரு மாநிலத்துக்குப் பங்கு இல்லை. அரசாணை ஒன்று போதும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூரில் தொடங்கி 262 கி.மீ. கால்வாயில் காவிரி வெள்ளநீர் குண்டாற்றுக்கு வரும். மாயனூருக்கு மேலேயே நொய்யலும் அமராவதியும் காவிரியில் கலந்துவிடுகின்றன. திருப்பூர், கரூர்ச் சாயத் தொழிலின் உப்புச் சுமையைச் சுமந்த ஆறுகள் அவை. பெருவெள்ளத்தில் அது நீர்த்துப்போகும், வெள்ளம் வடியும் நாட்களில் நீர்க்காது. ஏற்கெனவே உப்போடு போராடும் மண்ணுக்கு வெளியில் இருந்து உப்பு வரக்கூடாது. மாயனூர் மதகில் மின்கடத்துத்திறன் எவ்வளவு இருந்தால் கால்வாயைத் திறப்பது, எவ்வளவுக்கு மேல் போனால் மூடுவது, மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் கால்வாய் வெட்டி முடிவதற்குள் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு கேட்டால், வருகிற தண்ணீரையும் வேண்டாம் என்கிறார்களா என்றுதான் பதில் வரும்.